வெளிச்சத்துக்கு நின்றவர்கள்

எங்கள் ஊர் ஒரே ஒரு சினிமாவில் நடித்திருக்கிறது, அதுவும் வேறொரு ஊராக. கனடாவில் சஸ்காட்செவன் மாகாணத்தில் இருக்கிற கெட்டில் பிளாட், திரையில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இருக்கிற ஏதோ ஓர் ஊர். எண்பத்து நாலாம் வருடக் கோடையில் படம் எடுக்கிறவர்கள் வந்தார்கள். தபால் நிலைய வாசலில் இருந்த மேப்பிள் இலைக் கொடியை இறக்கிவிட்டு நட்சத்திரக் கொடியை ஏற்றினார்கள். எங்கள் வண்டிகளின் நம்பர் தகடுகளைக் கழற்றிவிட்டு அமெரிக்கத் தகடுகளை மாட்டினார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. சண்டையே போடாமல் ஒரு நாட்டைப் பிடித்துவிட முடியும் என்பது அந்த வாரம் தெரிந்தது. மதியச் சாப்பாடு மட்டும் நன்றாக இருக்க வேண்டும்.

பதினெட்டு வயதுத் தோழிகள் இருவரைப் பற்றிய படம். ஒருத்திக்கு டிரம்பெட் பைத்தியம். நகரத்துக்குப் போய் இசை படிக்க வேண்டும். இன்னொருத்தி அவளை அனுப்பிவைப்பதற்காக ஊரையே பகைத்துக்கொள்கிறாள். கடைசியில் பஸ் நிறுத்தத்தில் வழியனுப்புகிறாள். மற்ற ஊர்களில் பார்த்தவர்கள் அழுதார்களாம். எங்கள் ஊரில் யாரும் அழவில்லை. எங்கள் ஊரில் யாரும் கதையைப் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு ஆகஸ்டிலும், குளிர்காலத்தில் பனிக்கட்டிமேல் கல் தள்ளி விளையாடுகிற கர்லிங் கூடத்தின் வெள்ளைத் தகரச் சுவரில் அந்தப் படத்தைப் போடுவோம். மடக்கு நாற்காலி, கொசு மருந்து, சூரியகாந்தி விதை சகிதம் ஊரே வந்து பின்னணியைப் பார்க்கும். "அதோ எங்க லாரி!" "அதோ பாரு, செத்துப்போன எங்க நாய்!" கதாநாயகி கண்ணீரோடு திரும்புகிற இடத்தில் அவள் தலை, எல்மர் ஃபுன்க் அப்போது புதிதாக வாங்கியிருந்த அறுவடை எந்திரத்தை முழுசாக மறைத்துவிடும். "தலையை எடுடீ!" என்று எல்மர் வருடா வருடம் கத்துகிறான். அவள் எடுத்ததில்லை. என் இடது முழங்கையும் அந்தப் படத்தில் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. வேண்டியவர்கள் ஆகஸ்டில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் படத்தின் கதை எங்கள் ஊரில் ஒருத்திக்குத்தான் தெரியும். கதை மட்டுமல்ல, இரண்டு பெண்களும் பேசுகிற அத்தனை வசனமும் தெரியும். அவள் பெயர் லவீனா புரோகோப். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஊரில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோரையும் அவள்தான் எங்கேயோ கொண்டுபோய் விட்டிருக்கிறாள். போன வருடம் வரைக்கும் அவள் மட்டும் எங்கேயும் போனதில்லை. அதைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாள். கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்ப்பாள். பின் சீட்டில் சேட்டை செய்கிற பையன்களுக்கு அந்தப் பார்வை பழக்கம்.

படப்பிடிப்பு வந்தபோது லவீனாவுக்குப் பதினெட்டு. அவளுடைய தோழி கொரின் திபோவுக்கும் பதினெட்டு. லவீனா வீட்டில் உக்ரேனியப் பேச்சு, பெரோகிக் கொழுக்கட்டை, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரப் பூசை. கொரின் வீட்டில் பிரெஞ்சுப் பேச்சு, சத்தம், சீட்டாட்டம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சரளைச் சாலை. அதன் நடுவில் எந்நேரமும் இவர்கள் இருவரும். நடிகையாக வேண்டும் என்று கொரின் ஏழு வயதிலேயே அறிவித்துவிட்டாள். லவீனா எதையும் அறிவிக்கவில்லை. அறிவிக்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

ஊரே துணை நடிகர்களாகச் சேர்ந்தது. ஆண்களுக்குச் சுலபமான வேலைதான்: பஸ் நிறுத்தத்தில் நிற்கிற கதாநாயகிக்குப் பின்னால் வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அதைத்தான் எங்களால் செய்ய முடியவில்லை. எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவன் எதிரே ஆளையோ வண்டியையோ கண்டால், ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடி இருக்க, ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்துவான். வணக்கம், சௌக்கியமா, மழை வருமா, எல்லாம் அந்த விரலில் அடக்கம். முன்பின் தெரியாதவனுக்கும் ஒரு விரல் உண்டு. உரம் விற்க வருகிறவனுக்கும் உண்டு. சொந்தக்காரனுக்கு நாலு விரல். முழுக் கையையும் எடுத்து ஆட்டினால், உன் வண்டியின் பின்பக்கம் தீப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

இயக்குநர் காட்சியை நிறுத்தினார். "அந்த ஆள் எதுக்கு ஆகாசத்தைக் காட்டறான்?"

உதவி இயக்குநர் ரஸ் ஓடி வந்தான். ஒல்லியான, எப்போதும் மூச்சிரைக்கிற ஆள். "சும்மா ஓட்டிக்கிட்டுப் போங்க. யாரையும் பார்க்காதீங்க. அவ்வளவுதான்."

"பார்க்கலீங்க," என்றார் லவீனாவின் அப்பா நெஸ்டர். "விரல் தானாப் போகுது."

"பொண்ணு தனியா நிக்குது," என்றான் எல்மர். "கண்டுக்காமப் போனா அவ அப்பன் என்ன நினைப்பான்?"

"அவ அப்பன் லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கான்யா!"

"இருந்தா என்ன? காதுக்குப் போகாதா?"

மறுபடி எடுத்தார்கள். மறுபடி விரல். அடுத்தடுத்து வந்த எல்லா வண்டியிலும் விரல். கடைசியில் ரஸ் எல்லோரையும் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஓட்டச் சொன்னான். படத்தில் கவனித்துப் பார்த்தால் நெப்ராஸ்கா ஆண்கள் எல்லோரும் மூலம் வந்தவர்கள் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து போவது தெரியும்.

பெண்கள் இருவருக்கும் வேறு வேலை கிடைத்தது. சினிமாவில் நடிகர்கள் வந்து நிற்பதற்கு முன்னால் விளக்குகளைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு நேரமாகும். அவ்வளவு நேரம் நடிகைகளை வெயிலில் நிறுத்த முடியாது என்பதால், அதே உயரம், அதே முடி நிறம் உள்ள வேறு யாரையாவது நிறுத்துவார்கள். அவர்கள் நின்று, நடந்து, திரும்பி, வசனத்தையும் சொல்லிக் காட்ட வேண்டும். விளக்கு சரியானதும், "முதல் ஜோடி வரட்டும்" என்று குரல் கொடுப்பார்கள். நடிகைகள் வருவார்கள். இவர்கள் விலகிக்கொள்ள வேண்டும். பிறகுதான் காமிரா ஓடும்.

ஊரில் இதற்கு 'நிக்கிற வேலை' என்று பெயர் வைத்தார்கள். நிற்பதற்கு ஒருவன் ஆள் தேடுகிறான் என்பதை எங்களால் நம்பவே முடியவில்லை. நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சும்மாவே நின்றுகொண்டிருந்தோம்.

படத்தில் ஊரைவிட்டுப் போகிறவளுக்காக நின்றது லவீனா. தங்கிவிடுகிறவளுக்காக நின்றது கொரின். எல்லாக் காட்சிக்கும் நின்றார்கள். ஆற்றங்கரை, பள்ளிக்கூட நடனம், மழையில் சண்டை, சமாதானம். அப்படிப் பார்த்தால் அந்தப் படத்தை முதலில் நடித்தவர்கள் இவர்கள்தான், முழுப் படத்தையும். காமிராவில் பிலிம் இல்லை, அவ்வளவுதான்.

பஸ் நிறுத்தக் காட்சிக்கு வெளிச்சம் போட்ட நாளில் நானும் அங்கே இருந்தேன். பேப்பரைப் பார்க்காமலேயே லவீனா வசனத்தைச் சொன்னாள். "நீ திரும்பிப் போ. நான் பஸ்ல ஏறின பிறகு நீ நின்னேன்னா நான் இறங்கிடுவேன்." நல்ல வசனம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவள் சொன்னபோது ஏணிமேல் இருந்த விளக்குக்காரன் ஸ்க்ரூவைத் திருப்புவதை நிறுத்திவிட்டான். கொரின் அழுதுகொண்டிருந்தாள். அது அவள் வசனத்தில் இல்லை. "அப்படியே நில்லுங்க, அழகா இருக்கு," என்றார் காமிராக்காரர். அவர் சொன்னது வெளிச்சத்தை. லவீனா அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டால்தான் என்ன?

பிறகு நடிகைகள் வந்து அதையே செய்தார்கள், கொஞ்சம் சுமாராக.

அன்று காரில் திரும்பும்போது கொரின் சொன்னாள். "நான் ஏழு வயசிலேர்ந்து கத்திக்கிட்டே இருக்கேன். நீ வாயே திறக்காம என்னைவிட நல்லாப் பண்றே. உன்னைக் கொல்லணும்டி."

"கொன்னுட்டு?"

"கொன்னுட்டு உனக்காக நான் நிப்பேன்."

வெளிப்புறக் காட்சிகள் முடிந்ததும் மிச்சத்தைக் கால்கரியில் அரங்கம் போட்டு எடுப்பதாக இருந்தார்கள். ரஸ் இருவரையும் கூப்பிட்டான். "வர்றீங்களா? அப்புறம் வான்கூவர்ல ஏகப்பட்ட வேலை இருக்கு." ஒருத்தியை அல்ல, இருவரையும் சேர்த்துத்தான் கேட்டான். இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஊரில் பிற்பாடு கதையை மாற்றிவிட்டார்கள்.

கொரின் அன்றே பெட்டி கட்டிவிட்டாள். லவீனா வீட்டில் கோதுமை முற்றி நின்றது; மழை வரும் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. நெஸ்டர் நல்ல மனிதர். மகளைத் தடுக்கவில்லை. "போயேன். யாரு வேண்டாம்னா? நான் ஒத்தையா அடிச்சுக்கறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எந்திரத்தில் ஏறினார்.

பஸ் கிளம்புகிற அன்று காலை லவீனா ஒரு கணக்குப் போட்டாள். கடைசி லோடு கோதுமையை லாரியில் ஏற்றி ஊருக்குள் இருக்கிற தானியக் கிடங்கில் கொட்டுவது. லாரியை அங்கேயே விட்டுவிட்டு, எதிரே நிற்கிற பஸ்ஸில் ஏறிக்கொள்வது. துணிப்பையைப் பக்கத்து சீட்டில் வைத்திருந்தாள். ஆனால் கோதுமை ஏற்றி முடிக்க நேரமாகிவிட்டது. ஊர் எல்லைக்கு முன்பே, சரளைச் சாலையில், எதிரே புழுதியைக் கிளப்பிக்கொண்டு பஸ் வந்தது. ஜன்னலில் கொரினின் முகம்.

எங்கள் பக்கத்தில் லாரி விளக்கை இரண்டு தரம் அடித்தால் எந்த பஸ்ஸும் நிற்கும். பிரேக்கை மிதித்தால் போதும். கால் பிரேக்குக்குப் போவதற்கு முன்னால் விரல் மேலே போய்விட்டது. ஒரே ஒரு விரல். பஸ் டிரைவர் பதிலுக்கு ஒரு விரலை உயர்த்தினான். புழுதி அடங்கியபோது சாலையில் யாரும் இல்லை.

லவீனா கிடங்குக்குப் போய்க் கோதுமையைக் கொட்டினாள். பையோடு வீடு திரும்பினாள். இரண்டு நாள் கழித்தும் அந்த மழை வரவில்லை.

ஊர் என்ன சொன்னது? "கொரின் போயிட்டா, லவீனாவுக்குப் பயம்." கொரினும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், அல்லது அதைவிட மோசமாக. லவீனாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்: நான் பையோடுதான் வந்தேன். அவ்வளவுதான். சின்ன வாக்கியம். முதல் இரண்டு கிறிஸ்துமஸுக்குக் கொரின் தன் அம்மா வீட்டுக்குப் போன் செய்தாள். லவீனாவையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். திபோ வீட்டுப் போன் சமையலறையில் இருந்தது. சமையலறையில் எட்டுப் பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி இருக்கே?" என்றாள் கொரின்.

"நல்லாருக்கேன். இங்க பனி."

"இங்க மழை."

எட்டுப் பேரும் சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நிலைமையில் ஒரு மனுஷி பனியைப் பற்றித்தான் பேச முடியும். மூன்றாம் வருடம் போன் வரவில்லை. கேட்டால் அவளுடைய அம்மா, "வேலை செய்றா. சினிமாவுலதான்," என்பாள். பிள்ளைகள் தூரமாகப் போய்விட்டால் எங்கள் ஊர் அம்மாக்களுக்கு வாக்கியம் சுருங்கிவிடும்.

லவீனா தேட ஆரம்பித்தாள். கூட்டுறவுக் கடையில் வாடகைக்கு வருகிற எல்லாப் படத்தையும் எடுத்து வந்தாள். சண்டைப் படம், பேய்ப் படம், நாய் பேசுகிற படம். கதாநாயகியைப் பார்க்க மாட்டாள். சாப்பாட்டுக் கடைக் காட்சியில் பின் மேஜையைப் பார்ப்பாள். கோர்ட் காட்சியில் கடைசி வரிசையைப் பார்ப்பாள். மெர்வின் அவளைக் கல்யாணம் செய்துகொண்டபோது இந்த வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டான்.

"நிறுத்து, நிறுத்து. அந்தக் காது."

"எந்தக் காது?"

"தொப்பிக்காரனுக்குப் பின்னாடி. கொரின் காது மாதிரி இல்லே?"

"லவீனா, அது ஆம்பளைக் காதும்மா."

பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், லவீனாவின் பஸ்ஸிலேயே பள்ளிக்கூடம் போனார்கள், பிறகு அவர்களும் கால்கரிக்கும் ரெஜைனாவுக்கும் போனார்கள். கடையில் வீடியோ வாடகை நின்றது, குறுந்தட்டு வந்தது, குறுந்தட்டு போய் வேறு ஏதோ வந்தது. கொரினின் காது எதிலும் வரவில்லை. லவீனா நிறுத்தவில்லை. கிடைக்காமல் போகப் போக அவள் இன்னும் கிட்டே போய் உட்கார்ந்தாள். கண்ணாடியின் பவர் ஏறியது. ஒரு நிமிடம் அந்த முகம் வந்துவிட்டால் போதும், அதற்கப்புறம் அதனிடம் சொல்லிவிடலாம் என்பதுபோல் இருந்தது அவள் பார்க்கிற விதம். திரையிடம் பேசினால் கேட்காது என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். அது தெரிந்தவர்கள்தான் அவ்வளவு கிட்டே போய் உட்காருவார்கள்.

போன வருடம் செப்டம்பரில் திபோ அம்மாள் இறந்துபோனாள். கொரின் வந்தாள். கறுப்புக் கோட்டு, நரைத்த முடி. தேவாலயக் கூடத்தில் முட்டை சாண்ட்விச்சும் ஊறுகாயும் சஸ்கட்டூன் என்கிற காட்டுப் பழம் வைத்துச் சுட்ட இனிப்பும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ஊர் அவளைச் சுற்றி நின்று பார்த்தது. ஆட்டோகிராப் கேட்கலாமா கூடாதா என்று தெரியாத பார்வை. எல்மர்தான் கேட்டான்.

"நீ எந்தப் படத்துல வந்தே? சொன்னா எடுத்துப் பார்ப்போம்ல?"

"ஒரு படத்துலயும் வரலை, எல்மர்."

"துக்க வீடுங்கிறதால அடக்கமாப் பேசறா," என்று எல்மர் எனக்கு விளக்கினான்.

லவீனா சமையலறையில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொரின் உள்ளே வந்து இன்னொரு துணியை எடுத்துக்கொண்டாள். இருவரும் ஒரே உயரம்தான் இன்னமும். முடி மட்டும் வேறு நிறம். அதுவும் ஒரே வேறு நிறம்.

"நிஜமாவே ஒண்ணுலயும் இல்லியா?" என்றாள் லவீனா.

"நிக்கிறேன்டி. அதே வேலைதான். இத்தனை வருஷமா நின்னுக்கிட்டே இருக்கேன். நடிகை வந்தா விலகிடுவேன்."

லவீனா கையிலிருந்த கோப்பையை வைத்தாள். "நான் உன்னைத் தேடினேன்."

"எங்க?"

"எல்லாத்துலயும்."

கொரினுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சிரித்துவிட்டாள், துக்க வீட்டில் சிரிக்கக் கூடாத அளவுக்குச் சிரித்தாள். "தப்பான இடத்துல தேடியிருக்கே. படம் ஓட ஆரம்பிக்கிற வரைக்கும்தான் நான் இருப்பேன்."

சொல்ல வேண்டியதை லவீனா அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லப் போனாள். எல்மர் காப்பி கேட்டுக்கொண்டு உள்ளே வந்தான்.

வாசலில் கொரின் கேட்டாள்: "அடுத்த வாரம் கால்கரி பக்கத்துல ஒரு படம். ரெண்டு கிழவிங்க கதை. என்கூட நிக்க ஒரு ஆள் வேணும். நம்ம உயரம், நம்ம முடி. வர்றியா?"

"பார்க்கலாம்," என்றாள் லவீனா.

"இந்த ஊர்ல பார்க்கலாம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுக் கொரின் காரில் ஏறினாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் லவீனாவைக் குத்தியது.

மறுபடியும் செப்டம்பர், மறுபடியும் கோதுமை. கூடவே பள்ளிக்கூட பஸ். இரவு உணவின்போது லவீனா ஒவ்வொரு காரணமாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். மெர்வின் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கோதுமைக்கு ஆள் கிடைப்பான். பஸ்ஸுக்கும் கிடைப்பான். நீ கிளம்பு," என்றான். "நீ இப்போ போகலேன்னா, சாகற வரைக்கும் நான் கண்டவன் காதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். என்னால முடியாது."

அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு போனாள். நெடுஞ்சாலை வரைக்கும் மெர்வினே கொண்டுபோய் விட்டான். பஸ் வந்து அவள் ஏறி அது கண்ணைவிட்டு மறைகிறவரை வண்டியை ஊர்ச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தானாம், திரும்பி வந்துவிடாமல் இருக்க.

அங்கே நடந்ததை லவீனா எனக்குச் சொன்னது டிசம்பரில், கூட்டுறவுக் கடைக் காப்பி மேஜையில். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காதவனிடம் எங்கள் ஊரில் எல்லாம் சொல்வார்கள்.

ஒரு பெஞ்சு. பின்னால் மலை. வெகு காலம் பேசாமல் இருந்த இரண்டு கிழத் தோழிகள் அதில் உட்கார்ந்து பேச வேண்டும். விளக்கைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு இவர்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். காமிராக்காரன் சின்னப் பையன், லவீனாவின் மகன் வயதுதான் இருக்கும். "ரெண்டு பேரும் நேரே மலையைப் பாருங்க. தலையை மட்டும் ஆட்டிடாதீங்க. வசனம் வேண்டாம், சும்மா ஏதாவது பேசிக்கிட்டிருங்க," என்றான்.

சும்மா ஏதாவது. லவீனா மலையைப் பார்த்தாள்.

"கொரின்."

"தலையை ஆட்டாதே."

"ஆட்டலை. அன்னிக்கு நான் பஸ்ஸை நிறுத்தியிருக்கணும்."

விளக்குக்காரன் எதையோ நகர்த்தினான். வெளிச்சம் கன்னத்தில் ஏறியது.

"ஒத்தை விரலைக் காட்டினேன் உனக்கு," என்றாள் லவீனா. "உரம் விக்கிறவனுக்குக் காட்டற விரலை."

"கால்கரி வரைக்கும் அந்த விரலையேதான் நினைச்சுக்கிட்டுப் போனேன்," என்றது பக்கத்துக் குரல். "அப்பனுக்குப் பயந்துட்டா, சரி. கோதுமை முக்கியம், சரி. ஆனா ஒத்தை விரலா? நான் என்ன அவ்வளவு வேத்தாளான்னு."

"அது தானாப் போயிடுச்சுடி."

"தெரியும். எனக்கும் தானாப் போச்சு. ஜன்னல்ல நானும் ஒத்தை விரலைத்தான் தூக்கினேன். நீ பார்க்கலை."

"பார்க்கலை."

"பல்லைக் கடிச்சுக்கிட்டேன். எந்த ஊர்லேர்ந்து தப்பிச்சு ஓடறேனோ அந்த ஊர் விரல்லயே ஒட்டிக்கிட்டு வருதேன்னு."

"ரொம்ப நல்லா இருக்கு," என்றான் காமிராக்காரன். "அந்த மௌனம்லாம் நல்லா இருக்கு. ஆனா தலை, வலது பக்கம் உக்காந்திருக்கவங்க, தலை."

வலது பக்கம் உட்கார்ந்திருந்தது லவீனா. தலையை நேராக்கினாள். அவளுக்கு மலை தெரிந்தது, மலைமேல் கொஞ்சம் மேகம் தெரிந்தது. பக்கத்தில் ஒரு கறுப்புக் கோட்டின் ஓரம் தெரிந்தது.

"பக்கத்து சீட்டுல என் பை இருந்துச்சு," என்றாள்.

"எந்தப் பை?"

"துணிப்பை. எல்லாம் எடுத்து வச்சுட்டேன். கோதுமையைக் கொட்டிட்டு பஸ் ஏறணும்னு. நான் பையோடதான் வந்தேன், கொரின்."

மேகம் நகர்ந்தது. பக்கத்தில் மூச்சு இழுத்த சத்தம் கேட்டது. அது சிரிப்பின் ஆரம்பமா, வேறு எதனுடையதா? இத்தனை வருடமும் ஒன்றாக இருந்திருந்தால் சத்தத்திலேயே சொல்லியிருப்பாள். இப்போது சொல்ல முடியவில்லை. திரும்பிப் பார்க்கலாம், பார்த்தால் வெளிச்சம் கெடும், மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், இருபது பேர் காத்திருக்கிறார்கள். அவள் நெஸ்டரின் மகள். இருபது பேரைக் காக்கவைக்க மாட்டாள்.

"அவ்வளவுதான்," என்றான் காமிராக்காரன். "முதல் ஜோடி வரட்டும்."

நடிகைகள் வந்தார்கள். இவர்கள் எழுந்தார்கள். லவீனா திரும்பியபோது கொரின் மூக்கைச் சிந்திக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். பிறகு திரும்பி, "வா, சாப்பாடு போடறாங்க, நல்லா இருக்கும்," என்றாள். அது சாதாரண முகம். சாப்பாட்டுக்குப் போகிற முகம்.

சாப்பாட்டு நேரத்தில் லவீனா நழுவிப்போய்க் காமிராக்காரனைப் பிடித்தாள். "தம்பி, நான் பையைப் பத்திப் பேசினப்போ பக்கத்துல இருந்தவங்க முகம் எப்படி இருந்துச்சு?"

அவன் யோசித்தான். நல்ல பையன், நிஜமாகவே யோசித்தான். "கொஞ்சம் நிழல் விழுந்துது," என்றான். "அப்புறம் நாங்க சரிபண்ணிட்டோம்."

படப்பிடிப்பு முடிந்து கொரின் வான்கூவருக்குப் போனாள். லவீனா ஊருக்கு வந்தாள். மெர்வின் நெடுஞ்சாலையில் காத்திருந்தான். வண்டி சரளைச் சாலையில் இறங்கியது. பிறகு கேட்டான்:

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"சாப்பாடு நல்லா இருக்கும்னா."

மெர்வின் சிறிது தூரம் ஓட்டினான். "அப்போ முடிஞ்சுது. இனிமே காது பார்க்க வேண்டாம்."

"மார்ச்சுல இன்னொரு படமாம்," என்றாள் லவீனா. "வான்கூவர்ல. விதைப்புக்கு முன்னாடி."

"அதுக்கும் போறியா? அதான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டியே?"

"சொன்னேன். மலையைப் பார்த்துக்கிட்டுச் சொன்னேன்," என்றாள் லவீனா. "கேட்டப்போ அவ முகம் எப்படி இருந்துச்சுன்னு நான் பார்க்க வேண்டாமா?"